கிலோ ஓம் சொல்லாத சேதி

எலெக்ட்ரிக் கிட்டாரை ஓரிரு ஆண்டு வாசித்துப் பழகியவர்களில் பலருக்கு ஓர் ஆசை வரும். கிட்டாரோடு வந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிசைக்கும் ராக்குக்கும் ஒருசேர ஒத்துவருகிற நல்ல பிக்கப் ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அது. தேடத் தொடங்கினால் ஒவ்வொரு பிக்கப்பின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் நிற்கும்: 6 கிலோ ஓம், 8 கிலோ ஓம், 16 கிலோ ஓம். எண் பெரிதாக இருந்தால் வலு அதிகம், வலு அதிகமாக இருந்தால் எதற்கும் ஈடுகொடுக்கும் என்று எண்ணி 16-ஐ வாங்கிப் பூட்டுகிறார்கள். சத்தம் கூடத்தான் செய்கிறது. ஆனால் டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு ஒரு கார்டின் சுரங்களைத் தனித்தனியே மீட்டினால், முன்பிருந்த பளிச்சென்ற தெளிவு போய்விட்டிருக்கிறது. ஆம்ப்பில் ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகினாலும் அது திரும்புவதில்லை. வலுவான பிக்கப் போட்டால் தெளிவு ஏன் போக வேண்டும்?

பிக்கப்பின் உள்ளே இருப்பவை இரண்டே பொருள்கள்: காந்தம், அதைச் சுற்றிய கம்பிச்சுருள். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் 0.063 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பியை ஏறத்தாழ 8000 சுற்றுச் சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் எஃகுத் தந்தியைக் கீழே உள்ள காந்தம் தானும் ஒரு சிறு காந்தமாக ஆக்கிவிடுகிறது. தந்தியை மீட்டியதும் அந்தச் சிறு காந்தம் சுருளுக்கு மேலே அசைகிறது. சுருளின் வழியே போகும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது இதைத்தான். பள்ளிப் புத்தகம் இதை மின்காந்தத் தூண்டல் என்கிறது. பலமாக மீட்டினால் கிடைப்பது நூறு, இருநூறு மில்லிவோல்ட் அளவில் ஒரு சிறு மின்னழுத்தம். ஆம்ப் பெரிதாக்கித் தருவது அதைத்தான்.

பிக்கப் ஒலியைக் கேட்பதில்லை, உலோகத்தின் அசைவைத்தான் உணர்கிறது. வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு பிக்கப்பின் முன்னால் பேசிப் பாருங்கள். மெழுகு ஊற்றி இறுக்கிய நல்ல பிக்கப் உங்கள் குரலைக் கண்டுகொள்ளாது. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் எஃகு முனையால் அதன் தலையை மெல்லத் தட்டினாலோ ஆம்ப்பில் ‘டொக்’ என்று கேட்கும். நைலான் தந்தி மாட்டிய கிட்டாரில் இந்தப் பிக்கப் ஏன் ஊமையாகிவிடும் என்பதும் இதிலேயே விளங்கும்.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். கிலோ ஓம் என்பது சுருளின் மின்தடை. கம்பி நீண்டால் மின்தடை கூடும். ஆகவே எண் பெரிதாக இருந்தால் சுற்றுகள் அதிகமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதைத் தாண்டி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஒரே அளவு சுற்றுகளை ஒரு படி மெல்லிய கம்பியால் சுற்றினாலே மின்தடை கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். அது போதாதென்று, செம்பின் மின்தடை வெப்பத்தோடு சேர்ந்து மாறும். குளிர்பதன அறையில் 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டிய சுருள், சென்னையின் 35 டிகிரி மதியத்தில் 8.4-ஐத் தாண்டிக் காட்டும். அதற்காகக் கிட்டாரின் குரல் மாறிவிடுவதில்லை. ஒரே நிறுவனம் ஒரே முறையில் செய்த இரண்டு பிக்கப்புகளை ஒப்பிட மட்டுமே இந்த எண் ஓரளவு உதவும்.

குரலைத் தீர்மானிப்பது வேறு ஒன்று. சுருளில் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் சுருள் அந்த மாற்றத்தை எதிர்க்கும். எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு வலுவாக எதிர்க்கும். இந்தக் குணத்தின் அளவைத் தன்மின்தூண்டல் எண் என்பார்கள். ஹென்றி என்ற அலகில் அளப்பார்கள். சுற்றுகளை இரட்டிப்பாக்கினால் இது ஏறத்தாழ நான்கு மடங்காகும். எண்ணைப் பார்த்து வாங்குபவருக்குத் தெரியாமல் போவது இந்த இடம்தான். கூடுதல் சுற்றுகள் கூடுதல் மின்னழுத்தத்தைத் தருகின்றன; அதைவிட வேகமாக இந்த எதிர்ப்பையும் வளர்த்துவிடுகின்றன.

இன்னொரு பங்காளி கிட்டாருக்கு வெளியே இருக்கிறது. ஆம்ப்புக்குப் போகும் கேபிளின் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய உலோக வலையும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக வேலை செய்கின்றன, மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் வீதம். மின்தேக்கியும் கம்பிச்சுருளும் இணைந்தால் அவற்றுக்கென்று ஓர் அதிர்வெண் அமைந்துவிடும். அந்த அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக் கொடுக்கும்; அதற்கு மேலே உள்ளவற்றைச் சடசடவென்று வெட்டிவிடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

குழாயடியில் குடம் நிரம்புவதைக் கேட்டிருப்பீர்கள். விழும் நீரின் இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. குடத்தில் மிஞ்சியிருக்கும் காற்றின் உயரம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓங்கச் செய்கிறது. குடம் காலியாக இருக்கையில் ஒலி கனமாக இருக்கும். நீர் ஏற ஏறக் காற்று குறுகி ஒலி கீச்சென்று உயரும். கண்ணால் பார்க்காமலேயே குடம் நிரம்பிவிட்டது என்று அடுக்களையிலிருந்தே சொல்லிவிடுவார்கள். பிக்கப்பும் தந்தியின் அதிர்வுக் குவியலுக்கு இதைத்தான் செய்கிறது. ஹென்றி அதிகமுள்ள சுருள் காலிக் குடம். அதன் உச்சம் தாழ்ந்த இடத்தில் நிற்கும். ஹென்றி குறைந்தது நிரம்பிவரும் குடம்.

கணக்கைப் போட்டால் வேறுபாடு துலங்கும். ஐந்து மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ராட் வகை ஒற்றைச்சுருள் பிக்கப்பின் தூண்டல் எண் இரண்டரை ஹென்றிக்குச் சற்றுக் குறைவு. அதன் உச்சம் 4000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே விழும். 1950-களின் கிப்சன் ஹம்பக்கருக்கு, அதாவது இரட்டைச்சுருள் பிக்கப்புக்கு, நாலரை ஹென்றி போல. உச்சம் 3000 ஹெர்ட்ஸ். அடர்த்தியாகச் சுற்றிய எட்டு ஹென்றி ஹம்பக்கருக்கு 2300 ஹெர்ட்ஸ். மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை. ஆக, உச்சம் சில நூறு ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே நமக்கு வேறு கிட்டார் மாதிரி கேட்கிறது. உச்சத்தைத் தாண்டி அதிர்வெண் இரட்டிப்பானால் மின்னழுத்தம் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். 16 கிலோ ஓம் பிக்கப்பில் தொலைந்த தெளிவு இங்கேதான் போனது. ட்ரெபிள் குமிழால் அதை மீட்க முயன்றால், மிச்சமிருக்கும் சன்னமான துணுக்கோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பது எப்படித் தெரியும்? ஜெர்மானியரான ஹெல்முட் லெம்மே பிக்கப்புகளை அளந்து பார்த்தே எழுதியவர். அவருடைய முறையில் தந்திக்கு வேலையே இல்லை. பிக்கப்பின் தலைமேல் ஒரு சிறு சுருளை வைத்து, அதற்குள் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை படிப்படியாக அனுப்ப வேண்டும். வெளியே வருவதைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். அதிர்வெண் ஏறும்போது தூண்டல் தானாகவே கூடும் அளவைக் கழித்துவிட்டால், தாளில் சமவெளியும் ஒரு மேடும் பிறகு செங்குத்தான சரிவும் வரையப்பட்டிருக்கும். அதே பிக்கப்பில் கேபிளை மட்டும் மாற்றி அளந்தால் மேடு இடம் மாறும். கருவி ஏதும் இல்லாமலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். மூன்று மீட்டர் கேபிளில் வாசித்துவிட்டு, உடனே பத்து மீட்டர் கேபிளைச் செருகி அதே வரியை வாசியுங்கள். ஸ்ட்ராட் கணக்கில் உச்சம் 5000-லிருந்து 3000 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். கிட்டாரில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் குரல் மாறியிருக்கும்.

வால்யூம் குமிழுக்கும் இதில் பங்குண்டு. ஒற்றைச்சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்று போடுவது வழக்கம். சிறிய மதிப்பு மேட்டைத் தட்டையாக்கும், பெரியது கூர்மையாக விடும். ஹம்பக்கரின் உலோக மூடிகூட விலக்கல்ல. பித்தளை மூடியில் சுழல் மின்னோட்டங்கள் அதிகம் ஓடி மேட்டைத் தின்றுவிடும். நிக்கல் வெள்ளி எனப்படும் கலவையில் அந்தத் தொல்லை குறைவு. காந்தம் அல்நிகோவா ஃபெரைட்டா என்பதை இந்த வரிசையில் கடைசியில்தான் வைப்பேன். சத்தத்தின் அளவை அது மாற்றும். ஆனால் கிட்டார்க்காரர்கள் அதன் பேரில் ஏற்றிச் சொல்லும் பல குணங்கள் உண்மையில் சுருளின் வேலை.

இனி இரைச்சல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரும் பழைய ட்யூப்லைட்டின் சோக்கும் அதே தாளத்தில் காந்தப்புலத்தைக் கக்குகின்றன. 8000 சுற்றுச் சுருளுக்குத் தந்தி எது, டிரான்ஸ்ஃபார்மர் எது என்று தெரியாது. ‘ம்ம்ம்’ என்ற முனகல் அங்கிருந்து வருகிறது. ஒற்றைச்சுருள் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆம்ப்புக்கு முன்னால் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் முனகல் ஏறும், வேறொரு திசையில் ஏறக்குறைய மறைந்துவிடும். புலத்துக்குத் திசை உண்டு என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-ல் கண்ட தீர்வு, இன்னும் ஒரு சுருளைச் சேர்ப்பது. இரண்டு சுருள்களும் எதிரெதிர் திசையில் இணைந்தவை. அவற்றின் காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் ஒரே மாதிரி நுழைவதால் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்கிறது. தந்தியின் அசைவோ, காந்தம் திரும்பியதால் ஒருமுறையும் இணைப்பு திரும்பியதால் மறுமுறையும் தலைகீழாகி நேராகிவிடுகிறது, ஆகவே கூட்டிக்கொள்கிறது. 1957-ல் கிட்டார்களில் ஏறிய இந்த ஹம்பக்கருக்கு 1959-ல் காப்புரிமை கிடைத்தது. முனகல் ஒழிந்ததோடு இன்னொன்றும் நடந்தது. இரண்டு சுருள்கள் தொடராக இணைந்ததால் தூண்டல் எண் ஏறி உச்சம் இறங்கியது. ஹம்பக்கரின் கனத்த குரலுக்குப் பெரும்பங்கு அதில்தான்.

எதற்கும் ஒத்துவரும் பிக்கப் என்ற கேள்விக்கு விடை இங்கே தொடங்குகிறது. இரண்டு சுருளையும் தொடராகத்தான் இணைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாலரை ஹென்றி ஹம்பக்கரில் ஒரு சுருளை மட்டும் விட்டு மற்றதை அணைத்தால் இரண்டே கால் ஹென்றி போல மிஞ்சும். உச்சம் 4300 ஹெர்ட்ஸ் பக்கம் தாவும். இதைக் காயில் ஸ்ப்ளிட் என்கிறார்கள். இரண்டையும் பக்க இணைப்பில் போட்டால் தூண்டல் எண் நான்கில் ஒன்றாகி, உச்சம் 6000 ஹெர்ட்ஸையே தொடும். ஒரே பிக்கப், மூன்று குரல். குமிழை மேலே இழுத்தால் இணைப்பு மாறும் புஷ்-புல் பாட் ஒன்று இதற்குப் போதும்.

இந்த மூன்றில் பலரும் கேட்டு வாங்குவது ஸ்ப்ளிட்டை. என் ஓட்டு பக்க இணைப்புக்கு. ஸ்ப்ளிட் செய்தால் முனகல் திரும்பிவிடும். பக்க இணைப்பில் இரண்டு சுருளும் வேலையில் இருப்பதால் முனகல் கழிவது தொடரும். மேலும், பிரித்த ஹம்பக்கர் ஒருநாளும் அசல் ஸ்ட்ராட் பிக்கப் ஆகிவிடாது. அதன் ஒரு சுருளில் இருப்பவை 5000 சுற்றுகளும் எஃகுத் துண்டுகளும். ஸ்ட்ராட்டில் 8000 சுற்றுகளும் காந்தத் தண்டுகளும். உச்சம் ஒரே இடத்தில் நின்றாலும் மேட்டின் கூர்மை வேறு, சத்தமும் குறைவு. எட்டு ஹென்றி ஹம்பக்கரைப் பிரித்தால் நான்கு ஹென்றி மிஞ்சுவதால் அந்தக் குரல் மெலியாமல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காகவே அடர்ந்த பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, அது நியாயமான தேர்வுதான். ஆனால் அவர்களுக்கு உச்சம் ஏறும் எல்லை 4600 ஹெர்ட்ஸ் பக்கம் முடிந்துவிடுகிறது.

இணைப்பை மாற்றியே ஒரு கிட்டாரிலிருந்து எத்தனை குரல் எடுக்கலாம் என்பதற்கு க்வீன் குழுவின் பிரையன் மே செய்த ரெட் ஸ்பெஷலைவிட நல்ல சாட்சி இல்லை. 1963-ல், பள்ளி மாணவனாக இருக்கும்போதே, தந்தையோடு சேர்ந்து வீட்டில் செய்யத் தொடங்கிய கிட்டார் அது. அதன் கழுத்து பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்து மரம். பிக்கப்பையும் முதலில் தானே சுற்றினார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அவற்றில் வேண்டாத ஒலி வந்ததால் பர்ன்ஸ் ட்ரை-சோனிக் என்ற ஒற்றைச்சுருள் பிக்கப் மூன்றை வாங்கினார். அவை ஒலியையும் சேர்த்து வாங்கிக் கீச்சிடாமல் இருக்க அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார். மூன்றும் தொடரிணைப்பில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்விட்ச்: ஒன்று இயக்கி அணைக்க, மற்றது முனைகளைத் தலைகீழாக்க. இரண்டைச் சேர்த்தால் தூண்டல் எண் கூடிக் குரல் கனக்கும். ஒன்றைத் தலைகீழாக்கினால் பொதுவான அதிர்வுகள் கழிந்து மூக்கால் பாடும் குரல் வரும். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதையே மேடையில் வாசிக்கிறார். சூரியக் குடும்பத்துத் தூசியைப் பற்றி ஆராய்ந்து 2007-ல் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் முனைவர் பட்டம் பெற்றவரும் அவரேதான்.

ஸ்ட்ராட் கதையும் அப்படியே. 1954-ல் வந்தபோது அதன் ஸ்விட்சுக்கு மூன்றே நிலைகள். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப் ஒன்றாகப் பேசும் குரலைத் தாங்களாகவே கண்டெடுத்தார்கள். ஃபெண்டர் நிறுவனம் ஐந்து நிலை ஸ்விட்சைத் தந்தது 1977-ல்தான்.

எந்தப் பிக்கப்பாலும் மாற்ற முடியாத ஒன்று, அது உட்கார்ந்திருக்கும் இடம். ஸ்ட்ராட்டின் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். கழுத்துப் பக்கப் பிக்கப், பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ அதன் கால் பங்கில் இருக்கிறது. திறந்த தந்தியின் நான்காவது சீரிசைக்கு அந்தப் புள்ளி அசையாத கணு. ஆகவே அது பிக்கப்புக்குத் தெரிவதே இல்லை. பிரிட்ஜ் ஓரத்தில் அடிப்படை அதிர்வு சுருங்கி மேற்சுரங்கள் ஓங்குகின்றன. பிரிட்ஜ் பிக்கப் கூர்மையாகவும் கழுத்துப் பிக்கப் உருண்டையாகவும் பேசுவது இதனால். கர்நாடக கமகத்தை மின் கிட்டாரில் இழுத்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. தந்தியை வெகுதூரம் இழுக்கும்போது அது காந்தத் தண்டின் தலையை விட்டு விலகிச் சத்தம் சற்றே தணியும். ஆறு தண்டுக்குப் பதில் நீளப் பட்டை வைத்த பிக்கப்புகளில் இந்தப் பள்ளம் குறைவு.

அப்படியானால் அந்த 16 கிலோ ஓம் பிக்கப்பை ஏன் செய்தார்கள்? அதற்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. லாரி டிமார்சியோ 1972-ல் சூப்பர் டிஸ்டார்ஷனை உருவாக்கினார்; கிட்டாரோடு வந்ததைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கென்றே விற்கப்பட்ட முதல் பிக்கப்புகளில் ஒன்று அது. அன்றைய ஆம்ப்புகள் எளிதில் உடைந்து உறுமுவதில்லை. வால்வுகளை முட்டித் தள்ள வலுவான சமிக்ஞை தேவைப்பட்டது. இன்றோ சிறிய ஆம்ப்பிலும் மலிவான பெடலிலும் வேண்டிய அளவுக்கு உறுமல் இருக்கிறது. சத்தத்தை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். சுருளிலேயே வெட்டுப்பட்ட உயர்ந்த அதிர்வுகளைப் பின்னால் எந்தக் கருவியாலும் சுத்தமாகத் திருப்பித் தர முடியாது.

ஆகவே ஒரே கிட்டாரில் எல்லாம் வாசிக்க விரும்புபவருக்கு என் பரிந்துரை இது: பிரிட்ஜில் நடுத்தரச் சுற்றுள்ள ஹம்பக்கர், தூண்டல் எண் நான்கிலிருந்து ஐந்தரை ஹென்றிக்குள், நான்கு கம்பி வெளியே வருவதாக இருக்க வேண்டும். பழைய பாணியில் ஒற்றைக் கம்பியும் பின்னல் உறையுமாக வருவதில் சுருள்கள் உள்ளேயே கட்டப்பட்டுவிடும். ஸ்விட்சால் ஒன்றும் செய்ய முடியாது. ஹென்றி அளவைத் தயாரிப்பாளர் வெளியிடாவிட்டால் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். தண்டுகளின் இடைவெளி 50 மில்லிமீட்டருக்குள் உள்ளதும் 52-ஐ ஒட்டியதுமாக இருவகை கிடைக்கின்றன. கம்பி நிறங்களை நம்பி வேறு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துச் சால்டர் செய்யாதீர்கள். சீமோர் டங்கனும் டிமார்சியோவும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை என்ற அதே நான்கு நிறங்களைத்தான் பயன்படுத்துகின்றன; ஆனால் முதலாவதில் சமிக்ஞை கறுப்பில் வரும், இரண்டாவதில் சிவப்பில் வரும்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் சுற்றுச் சுற்றாக இறக்கிக் கேளுங்கள். காந்தம் மிக நெருங்கி நிற்கும்போது தந்தியையே பிடித்து இழுத்துச் சுருதியை நடுங்க வைக்கும், குறிப்பாக ஒற்றைச்சுருளில். இறக்கியதும் பலருக்குக் கேட்ட தெளிவு கிடைத்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் மட்டும் கடைக்குப் போங்கள்.